பாம்பன் பக்கத்து பி.எஸ்சி. பிள்ளைகளை ஆராய்ச்சிப் படிப்புக்குத் தயார் செய்வது எப்படி?

மிளகாய்க்காட்டு வாத்தியார்:

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு கலைக் கல்லூரியில் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கௌரவம் பெயரில்தான், அதை விடுங்கள். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். குண்டு மிளகாயும் சீமைக் கருவேலமும் தெரியும், கடல் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதிக்கு மேல் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். பெண்பிள்ளைகளில் பலர் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாயைத்தான் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் செய்முறை வகுப்பில் கணுக்காலிகள் பாடம். ஃபார்மலின் ஜாடியில் ஒரு நண்டு. வெளுத்துப்போய், லேபிளில் 'போர்ச்சூனஸ் பெலாஜிகஸ்' என்று மட்டும் இருந்தது. லேபிளைப் படித்துவிட்டு அடுத்த ஜாடிக்குப் போகப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண், "சார், இது ஆண்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "வயித்து மடல் குறுகலா இருக்குல்ல சார். பொட்டைக்கு அகலமா இருக்கும், அதுலதான் சினை ஒட்டியிருக்கும். இதுக்கு நிறம் போயிருச்சு. உயிரோட இருந்தா காலெல்லாம் நீலமா இருக்கும்." காலையில் கல்லூரிக்கு வருமுன் வலையில் இருந்து நண்டு கழற்றும் வேலைக்குப் போகிறாளாம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறவர். இந்தப் பெண் அந்தத் தாளில் வாங்கியது 52. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு உயிருள்ள நண்டைக் கையில் பிடிக்கத் தெரியாது.

பையன் ஒருத்தன் இருக்கிறான், மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். "பி.எச்டி.ன்னா டாக்டருக்குப் படிக்கிறதா சார்?" என்று கேட்டான். பெரியபட்டினத்துப் பெண் ஒன்று நன்றாகப் படிக்கிறது, ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நிக்காஹ் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

இப்படி ஏழெட்டுப் பேருக்கு ஆராய்ச்சி என்றால் ஒரு ஆசை வந்திருக்கிறது. இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒழுங்காகத் தெரிகிற நுண்ணோக்கி இரண்டு. நான் எதில் தொடங்குவது? நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வுக்கா, ஆங்கிலத்துக்கா? 'கலாம் பிறந்த மண்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பேச்சு எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு அக்டோபர் 15-லும் நடக்கிறது. கைதட்டிவிட்டு எல்லோரும் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள்.

---

வாடைக்காத்து:

சார், நான் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர், அம்மா இறால் கம்பெனியில் உரித்தவர். இளநிலை ராமநாதபுரத்தில், எம்.எஸ்சி. பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில். அப்புறம் நெட், முனைவர் பட்டம் எல்லாம் முடித்து இப்போது வெளிமாநிலத்தில் ஆய்வு செய்கிறேன். என் ஆய்வும் நண்டுதான் என்பதால் உங்கள் பதிவைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நெட் பயிற்சியில் தொடங்காதீர்கள். அது எம்.எஸ்சி.க்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நண்டு தெரிந்த அந்தப் பெண் தானே அளந்த ஏதாவது ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தோ இணையத்தில் இருந்தோ எடுத்த எண் உதவாது. அவளே நின்று, அவளே எழுதிய எண்ணாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்றால், நண்டு இறங்கும் இடத்தில் ஏலத்துக்கு முன் கொஞ்சம் நண்டை எடுத்து, ஓட்டின் அகலத்தை ஒரு பக்கத்து முள் நுனியில் இருந்து மறுபக்கத்து முள் நுனிவரை அளக்கட்டும். ஒரு சின்னத் தராசில் எடை. ஆணா பெண்ணா, பெண் என்றால் சினை இருக்கிறதா, சினை மஞ்சளா கறுப்பா. அவ்வளவுதான். சினை முதலில் மஞ்சளாக இருந்து, குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கறுத்துக்கொண்டே வரும். இதை அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவள் உங்களுக்குச் சொல்வாள். ஆறேழு மாதம் விடாமல் எழுதினால், எந்த மாதம் சினை நண்டு அதிகம் வருகிறது என்று அவளே ஒரு வரைபடம் போட்டுவிடலாம். அகலத்தையும் எடையையும் மடக்கை எடுத்துப் புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்வு 3-க்குப் பக்கத்தில் வந்தால் நண்டு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்கிறது என்று அர்த்தம். ஆணுக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வராது. ஏன் வரவில்லை என்று அவள் வந்து கேட்கிற நாளில் இருந்து உங்களுக்கு வேலை அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் பக்கம் போய்விடாதீர்கள். எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கடல் அட்டையை 2001-ல் சேர்த்தார்கள். ஒரு ஜாடி மாதிரிக்கு ஆசைப்பட்டு பிள்ளைகள் வழக்கில் மாட்ட வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. கரைக்கு வந்து ஏலத்துக்குக் காத்திருக்கும் நண்டில் இந்தச் சிக்கல் இல்லை, படகுக்காரர் மனசு வைத்தால் போதும்.

இந்த அளவு நோட்டு ஏன் வேண்டும் என்றால், பரிந்துரைக் கடிதத்துக்கு. எங்கே விண்ணப்பித்தாலும் ஆசிரியர் கடிதம் கேட்பார்கள். நம் ஊர்க் கடிதங்கள் பெரும்பாலும் 'ஒழுக்கமான மாணவி, பணிவானவர், கடின உழைப்பாளி' என்று இருக்கும். தேர்வுக் குழுவில் இருந்து அப்படிப்பட்ட கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை. 'இந்த மாணவி ஏழு மாதம் நண்டு அளந்தார், நடுவில் தராசு தப்பாகக் காட்டுவதைத் தானே கண்டுபிடித்து அந்த வார எண்களைத் தள்ளிவைத்தார்' என்று ஒரு கடிதம் வந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அப்படி எழுத உங்களுக்கும் விஷயம் வேண்டுமே சார்.

அடுத்தது, பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீன் காட்சியகம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாவைச் சொல்லவில்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருஷம் இருந்ததே மண்டபம் முகாமில்தான். 1971-ல்தான் அது கொச்சிக்குப் போனது. இன்றும் மண்டபத்தில் அந்த நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. கடற்பாசிக்கு பாவ்நகர் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் அங்கேயே இருக்கிறது. பஸ்ஸில் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கும் எம்.எஸ்சி. போகும்வரை தெரியாது. துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, விடுமுறையில் இரண்டு பேரையாவது சும்மா உடன் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஒரு இடத்தில் இல்லை என்பார்கள், இன்னொரு இடத்தில் வரச் சொல்வார்கள்.

அக்டோபர், நவம்பரில் கண்ணை அகல வைத்திருங்கள். பெங்களூரு, டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் கேட்கும் நேரம் அது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம், உதவித்தொகை உண்டு. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வீட்டில் வருமானம் இல்லாத அந்த நேரத்தில்தான் கோடைப் பயிற்சியும் வருகிறது. உங்கள் ஐஸ் கம்பெனிப் பையனுக்கு இதைப் 'படிப்பு' என்று சொல்லாதீர்கள், 'சம்பளத்தோடு இரண்டு மாதம்' என்று சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயம். நம் மாநில எம்.பி.சி., பி.சி. சாதிச் சான்றிதழை மத்திய நிறுவனங்களில் அப்படியே ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வரவில்லை என்ற குறிப்போடு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியும் வரும். விண்ணப்பம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இ-சேவை மையத்தில் போய் நின்றால் நடக்காது. இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப் பிரிவில் போட்டியிட்டு வெளியே போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்துக்கு இலக்கண வகுப்பு வேண்டாம். வாரம் ஒரு கட்டுரை எடுங்கள். அதில் படத்தையும் படத்துக்குக் கீழே உள்ள வரியையும் மட்டும் படித்துவிட்டு, படம் என்ன சொல்கிறது என்று தமிழில் வாதாடட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில் நாலு வரி. மத்திய மீன்வள நிலையத்தின் பழைய கட்டுரைகள் எல்லாம் அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழ் 1959-ல் மண்டபம் முகாமில் இருந்துதான் வெளிவரத் தொடங்கியது. பாக் விரிகுடா நண்டு, சங்கு, பாசி என்று தேடினால் தாத்தா காலத்துக் கட்டுரைகளே வரும். தெரிந்த ஊரின் பெயர் ஆங்கிலக் கட்டுரையில் வந்தால் பாதி பயம் போய்விடும்.

வீட்டுக்காரர்களிடம் பேசும்போது காசைப் பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. "இன்னும் எத்தனை வருஷம்டி படிப்ப?" என்று என் அம்மா கேட்டபோது நான் அறிவியல் சேவை பற்றி எல்லாம் சொல்லவில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதாமாதம் காசு வரும் என்றேன். "படிக்கிறதுக்கு அவன் காசு குடுப்பானா?" என்று நம்பாமல் கேட்டார். இப்போது 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதன்பின் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. இதை ஒரு தாளில் எழுதி பெற்றோர் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. விடுதியில் என் பையைத் திறந்தால் கருவாட்டு வாடை வருகிறது என்று ஒருத்தி அறை மாற்றிக் கேட்டாள். மாற்றியும் கொடுத்தார்கள். அந்த வாரமே ஊருக்குத் திரும்பியிருப்பேன். திரும்பாததற்கு என் மனஉறுதி காரணமில்லை. முந்தைய கோடையில் பழகிய ஒரு அக்கா தினமும் ராத்திரி போன் பண்ணி "இன்னைக்கு என்ன பண்ணுன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்வதற்காகவாவது ஆய்வகத்துக்குப் போனேன். உங்கள் பிள்ளைகள் வெளியூர் போகும்போது அப்படி ஒரு எண் அவர்கள் போனில் இருக்கட்டும். என் எண்ணைத் தனிச்செய்தியில் தருகிறேன்.

---

தீவன வியாபாரி:

வாடைக்காத்து மேடம் எழுதியதில் ஒரு வரியும் தப்பில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நானும் முனைவர்தான். கடல் உயிரியல். இப்போது இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கிறேன். பைக்கின் முன்னால் 'டாக்டர்' என்று ஒட்டியிருந்தேன், போலீஸ்காரர் மாத்திரை கேட்டதும் கிழித்துவிட்டேன்.

உதவித்தொகை மாதாமாதம் வரும் என்று பெற்றோரிடம் எழுதிக் கொடுக்காதீர்கள். எனக்கு மாதக்கணக்கில் நின்று பிறகு மொத்தமாக வந்தது. நடுவில் மெஸ் பாக்கி, கடன், அம்மாவின் தோடு. வழிகாட்டிப் பேராசிரியர் என்னைக் கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்க வைத்தார். அவர் பெயர் வேண்டாம், இன்னும் பணியில் இருக்கிறார். இரண்டு வருஷத்து வேலை அவருடைய வேறொரு மாணவரின் பெயரில் முதலில் வெளிவந்தது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு யாரிடம் போய் முறையிடுவது என்றே தெரியாது. பேராசிரியர் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் வாத்தியாரே, வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கற்றுக்கொடுங்கள். எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று பார்ப்பது இருக்கட்டும். அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர் யார், ஏன் போனார்? இதைப் பேராசிரியரிடம் கேட்டால் வராது. அவருடைய மாணவர்களை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகள் அங்கே இருக்கும் பெண் ஆய்வாளர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் பிழைப்பு உண்டு என்று சொல்லி வையுங்கள். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் நுண்ணோக்கி பார்க்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் கிராக்கி. ஏற்றுமதி நிறுவனங்களில் தரப் பரிசோதனை வேலை இருக்கிறது. வெளியே வர வழி தெரிந்தவன்தான் கெட்ட வழிகாட்டியிடம் இருந்து தைரியமாக எழுந்து வருவான். எனக்கு அது தெரியவில்லை, ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

---

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கீழக்கரை, இப்போது அமெரிக்காவில் மேரிலாந்தில் ஆய்வு வேலை. இதே கேள்வியை இந்த ஊரில் வேறு சமூகத்தை வைத்துக் கேட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

இங்கே பால்டிமோர் பக்கத்தில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம், யு.எம்.பி.சி. என்பார்கள். கறுப்பின மாணவர்கள் அறிவியல் படிக்க வருவார்கள், முதல் வருஷ வேதியியலிலேயே தோற்று வேறு பாடத்துக்கு மாறிவிடுவார்கள். 1988-ல் அங்கே மேயர்ஹாஃப் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதைக் கட்டியவர் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி, கணிதக்காரர்; சின்ன வயதில் 1963-ல் பர்மிங்ஹாம் சிறுவர் ஊர்வலத்தில் நடந்து சிறைக்குப் போனவர். முதல் அணியில் 19 பேர், எல்லோரும் கறுப்பின ஆண்கள். அடுத்த வருஷம் பெண்களும் வந்தார்கள், 1996-லிருந்து எந்த இனத்தவரும் சேரலாம்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, பாஸ் பண்ண வைப்பதை இலக்காக வைக்காதது. முதல் நாளே 'நீங்கள் முனைவர் ஆகப் போகிறவர்கள்' என்றுதான் பேச்சு. கல்லூரி திறக்கும் முன் கோடையில் சில வாரம் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும். படிப்பு எப்போதும் கூட்டமாகத்தான். தனியாக உட்கார்ந்து படித்து மார்க் வாங்குகிறவனை அங்கே பாராட்ட மாட்டார்கள். தனிப் பயிற்சி தோற்பவனுக்கு மட்டும் இல்லை, நன்றாக வாங்குகிறவனும் போக வேண்டும். அதனால் போவது அவமானம் இல்லை. சீக்கிரமே ஆய்வகத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானிகளில் ஒருவரான கிஸ்மெக்கியா கார்பெட் அந்தத் திட்டத்தில் வந்தவர்தான்.

சேலஞ்சர் விண்கல விபத்தில் 1986-ல் இறந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்னேர் பெயரிலும், முனைவர் படிப்புக்குத் தயார் செய்யும் ஒரு கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது. அதில் சேர்பவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, வருமானம் குறைந்த முதல் தலைமுறை மாணவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

இவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை, உண்மை. ஆனால் கூட்டமாக உட்காரக் காசு வேண்டாம். வாத்தியார் அந்த ஏழெட்டுப் பேரையும் ஒரு அணியாக்குங்கள். ஒருத்தர் விண்ணப்பம் போட்டால் எல்லோரும் போட வேண்டும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திருத்த வேண்டும். வாரம் ஒரு நாள் கல்லூரி முடிந்தபின் ஒரு மணி நேரம், நீங்கள் வராவிட்டாலும் கூட வேண்டும். கரைவலையை ஒத்த ஆளா இழுத்துப் பாருங்கள், கயிறுதான் கையை அறுக்கும்.

பெரியபட்டினத்துத் தங்கச்சிக்கு: சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையை 2022-ல் நிறுத்திவிட்டார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். நம் பக்கத்து லெப்பை, மரைக்காயர் எல்லாம் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உண்டு. வாடைக்காத்து சொன்ன சான்றிதழ் இருந்தால் ஓ.பி.சி. தேசிய உதவித்தொகைக்கு, நெட் எழுதி, போட்டியிடலாம். நிக்காஹ் பேச்சை நீங்கள் போய்த் தடுக்க முடியாது சார், தடுக்கவும் போகாதீர்கள். என் லாத்தா (அக்கா) கல்யாணம் ஆனபிறகுதான் எம்.எஸ்சி. முடித்தார். மாப்பிள்ளை வீட்டில் பேசும்போதே படிப்பைச் சேர்த்துப் பேச வாப்பாவிடம் யாராவது சொல்ல வேண்டும். ஜமாஅத்தில் மதிப்புள்ள ஒரு டீச்சரம்மா போய்ச் சொன்னால் எடுபடும்.

---

தொண்டி வளாகம்:

அக்கா, காக்கா எல்லாம் பெரிய விஷயம் சொல்லிவிட்டீர்கள். நான் தொண்டியில் அழகப்பாவின் கடலியல் துறையில் எம்.எஸ்சி. படிக்கிறேன், இந்த ஜூனில்தான் நெட் எழுதினேன், சூடாக இருக்கும்போதே சொல்கிறேன்.

அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழ் கிடையாது. உயிர் அறிவியல் தாளில் எல்லாக் கேள்வியையும் தொட வேண்டியதில்லை. முதல் பகுதியில் 20-ல் 15, இரண்டாவதில் 50-ல் 35, மூன்றாவதில் 75-ல் 25 போதும். மூன்றாவது பகுதியில் கேள்விக்கு 4 மார்க், மொத்தம் 200-ல் பாதி அங்கேதான் இருக்கிறது. தப்பானால் கால் பங்கு போகும். அதனால் உயிரியல் முழுக்க அரைகுறையாகப் படிப்பதைவிட நாலைந்து பாடத்தை ஆழமாகப் படித்தவன் தப்பித்துக்கொள்வான். முதல் பகுதி வெறும் கணக்கும் படம் பார்த்துப் பதில் சொல்வதும்தான். அதை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கலாம் சார், தினம் இரண்டு கணக்கு.

எம்.எஸ்சி.க்கு பரங்கிப்பேட்டை, தொண்டி தவிர, மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத்தேர்வு எழுதினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறைக்கும் போகலாம். அது அந்தமானில், போர்ட் பிளேர் என்று இருந்து 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரில் இருக்கிறது. ஐ.ஐ.டி. பக்கம் ஆசை இருந்தால் பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வு. அதில் விலங்கியல் தாள் கிடையாது, உயிரித் தொழில்நுட்பம்தான் எழுத வேண்டும். வேதியியலும் கேட்பார்கள்.

---

மிளகாய்க்காட்டு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. தீவன வியாபாரி அண்ணே, உங்கள் பதிவை வகுப்பில் அப்படியே படித்துக் காட்டினேன். பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். 'டாக்டர்' ஸ்டிக்கருக்குச் சிரித்துவிட்டு, டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். ஐஸ் கம்பெனிப் பையன்தான் வருகைப் பதிவு எழுதுகிறான். சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, இரண்டு பேருக்கு மட்டும் வருமானச் சான்றில் பெயர் எழுத்து மாறி நிற்கிறது.

சனிக்கிழமை காலையில் நண்டு இறங்கும் இடத்துக்குப் போனோம். வாடைக்காத்து மேடம், அங்கே ஒரு சிக்கல். வியாபாரி ஒருத்தர், "தூக்கித் தூக்கிப் பாத்தா கால் உதிரும், கால் போனா விலை போச்சு" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண்ணின் அம்மா பாசி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தவர், விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, "எம்மவதான் அளக்குறா, உங்க நண்டைத் தின்னுற மாட்டா" என்று ஒரு அதட்டு. அதன்பிறகு அளக்க விட்டார்கள். ஆனால் நாங்கள் போனபோது பெரிய நண்டுகளை ஏற்கெனவே தனிக் கூடைக்குப் பிரித்துவிட்டார்கள். மிச்சத்தைத்தான் அளந்தோம். இது சரியா? அப்புறம் காலிப்பர் எங்கள் துறையில் ஒன்றே ஒன்று, அதுவும் இயற்பியல் துறையில் இரவல். வாங்குவதென்றால் எதை வாங்குவது?

---

வாடைக்காத்து:

சார், பிரித்தபிறகு அளந்தால் அந்தக் கூடை கடலைச் சொல்லாது, வியாபாரியின் கையைத்தான் சொல்லும். அந்த நோட்டைக் கிழிக்க வேண்டாம். மேலே 'தரம் பிரித்தபின்' என்று எழுதி வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அடுத்த முறை ஒரே ஒரு படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலையில் இருந்து கழற்றும் இடத்திலேயே, கழற்றக் கழற்ற வரிசையாக வருகிற நண்டை அளக்க வேண்டும். பெரிது சின்னது பார்த்து எடுக்கக் கூடாது. அந்தப் பெண்தான் கழற்றும் வேலைக்குப் போகிறாளே, அவள் கழற்றித் தரட்டும், பையன் அளக்கட்டும், இன்னொருத்தர் எழுதட்டும். அளந்த நண்டைத் தண்ணீர் உள்ள தொட்டியில் விட்டால் கால் உதிராது, வியாபாரிக்கும் நிம்மதி. படகு எது, வலையின் கண்ணி எத்தனை விரல், எத்தனை பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) ஆழத்தில் வலை கிடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கண்ணி மாறினால் நண்டின் அளவும் மாறும், இதை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் நேர்முகத்தில் மாட்டுவார்கள்.

காலிப்பர் பிளாஸ்டிக்கே போதும். டிஜிட்டல் வேண்டாம், உப்புத்தண்ணீர் பட்டால் ஒரு சீசன் தாங்காது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 15 செ.மீ. வரைதான் அளக்கும். நல்ல வளர்ந்த ஆண் நண்டு முள்ளோடு சேர்த்து அதைத் தாண்டிவிடும், பிறகு பெரிய நண்டெல்லாம் நோட்டில் '15-க்கு மேல்' என்று கிடக்கும். 20 செ.மீ. அளப்பதாகக் கேட்டு வாங்குங்கள்.